வீட்டுவசதிக் கோப்புகளுக்கு அரசு வழக்கறிஞராகப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: செங்கைக்காரன்

வணக்கம். பதினோரு ஆண்டுகளாகச் செங்கல்பட்டு நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தொழில் செய்துவருகிறேன். பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்த வழக்குகள், வாடகைத் தகராறுகள் என்று என்னிடம் உள்ளவை அனைத்தும் உரிமையியல் (சிவில்) வழக்குக் கட்டுகளே. உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புச் சட்ட அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்குமாறு என் சீனியர் சில வாரங்களாக வற்புறுத்துகிறார். கிடைத்தால் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கோப்புகள் என்னிடம் வரக்கூடும் என்றும் சொல்கிறார்.

அரசு வழக்கறிஞரின் வேலை என்பது நீதிமன்றத்தில் எழுந்து நின்று அவகாசம் கேட்பதுதான் என்று பார் அசோசியேஷன் அறையில் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அது உண்மையா, அல்லது துறைக்கு ஆலோசனை சொல்லும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். இந்தத் துறையில் எந்தெந்தச் சட்டங்களில் கை பழக வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் அம்மா சென்னையில் ஒரு கால்வாய்க் கரையில் வளர்ந்தவர். அந்த வீடுகளை அகற்றியபோது பாட்டி குடும்பத்துக்கு மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் வீடு ஒதுக்கினார்கள். அந்த நாளைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்த நான், அதே மாதிரியான ஒரு வழக்கில் அரசுக்காக எழுந்து நிற்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

பதில் 1: மெரினா பழையவர்

தம்பி, நான் ஒரு வாரியத்துக்கு நீண்ட காலம் ஸ்டாண்டிங் கவுன்சிலாக (அதன் நிலையான வழக்கறிஞராக) இருந்து, இப்போது கண் பார்வை மங்கியதால் ஒதுங்கியவன். உங்கள் சீனியர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைச் செயலாளர், மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் ஆகியோருக்காக முன்னிலையாவது அரசு வழக்கறிஞரின் அலுவலகம். வீட்டுவசதி வாரியமும், 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் தனிச் சட்ட உருக்கள் என்பதால், அவற்றுக்கெனத் தனி வழக்கறிஞர்கள் உண்டு. ஒரே நீதிப்பேராணை (ரிட்) மனுவில் துறை முதல் எதிர்மனுதாரராகவும் வாரியம் மூன்றாம் எதிர்மனுதாரராகவும் இருக்கும். இருவரின் எதிருரைகளும் (பதில் மனுக்களும்) ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும் வேடிக்கையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் சேர்ந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, வாரியத்தின் வழக்கறிஞருடைய தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வதுதான்.

அவகாசம் கேட்கும் வேலை உண்டு, நிறையவே உண்டு. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை எழுதித் தரும் பத்திவாரிக் குறிப்புரை வந்து சேராமல் எதிருரை தயாரிக்க முடியாது; குறிப்புரையோ நான்கு மேசைகளைக் கடந்துதான் வரும். ஆனால் ஆலோசனை சொல்லும் தருணங்களும் தாமாகவே வருகின்றன. தீர்ப்பு எதிராக வந்தவுடன், இது மேல்முறையீட்டுக்கு உகந்ததா என்று உங்களிடம் கருத்து கேட்பார்கள். நீதிப்பேராணை மேல்முறையீட்டுக்கு உள்ள காலம் முப்பது நாள். கோப்பு சுற்றிவரும் வேகத்தில் அந்த முப்பது நாள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு என்பதற்காகத் தாமதத்தை மன்னிக்கத் தனிச் சலுகை கிடையாது என்று 2012-ஆம் ஆண்டிலேயே, தலைமை அஞ்சல் அதிகாரி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தோல்வியைக் கண்டவுடன் 'மேல்முறையீடு செய்யலாம்' என்று எழுதிவிடுவது எளிது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 'இந்தத் தீர்ப்பு சரி, நிறைவேற்றிவிடுங்கள்' என்று எழுதத்தான் முதுகெலும்பு வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு தணிக்கைக் கேள்விக்கும் உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள்.

இந்தத் துறையின் சுவையான பகுதியைக் கேட்டால், நான் நில எடுப்பைத்தான் சொல்வேன். வீட்டுவசதி வாரியத்துக்காக 1894-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்ட நிலங்கள் ஏராளம். 2013-ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 24-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு எங்கள் தலையில் இடியாக இறங்கியது. தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் ஆணை) வழங்கி ஐந்தாண்டுகள் கடந்தும் நிலம் சுவாதீனம் (கைவசம்) எடுக்கப்படாமலோ இழப்பீடு செலுத்தப்படாமலோ இருந்தால் நில எடுப்பே காலாவதியாகும் என்பது அதன் வாசகம். இழப்பீட்டைக் கருவூலத்தில் செலுத்தி வைப்பது உரிமையாளருக்குச் 'செலுத்தியது' ஆகாது என்று அந்த மாதமே புனே மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு உரிமையாளர்கள் வரிசையில் நின்று வழக்குப் போட்டார்கள், நாங்கள் வரிசையாகத் தோற்றோம். வீடுகள் கட்டி மக்கள் குடியேறிவிட்ட மனைப்பிரிவின் நடுவில் இருந்த நிலத்துக்குக்கூடக் காலாவதி கேட்டார்கள்.

பிறகு 2020 மார்ச் 6 அன்று, இந்தூர் வளர்ச்சிக் குழும வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தப் பிரிவில் வரும் 'அல்லது' என்ற சொல்லை 'உம்' என்று பொருள்கொண்டு படிக்க வேண்டும் என்றது. சுவாதீனமும் எடுக்கவில்லை, இழப்பீடும் செலுத்தவில்லை என்ற இரண்டு குறையும் சேர்ந்திருந்தால்தான் காலாவதி. ஒரே இடைச்சொல்லில் ஆறாண்டுத் தோல்விகள் தலைகீழாயின. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் 'இனி வழியில்லை' என்று எழுதி மேல்முறையீட்டைக் கைவிட்ட கோப்புகளும் உண்டு, நச்சரித்து மேல்முறையீட்டை உயிரோடு வைத்திருந்த கோப்புகளும் உண்டு. இவற்றில் எது சரியான ஆலோசனையாக இருந்தது என்பதை அன்றைய சட்டத்தைக் கொண்டு மட்டும் தீர்மானித்திருக்க முடியாது. சுவாதீனம் எடுத்ததற்கு மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) எழுதியிருந்தால் போதும் என்று அதே தீர்ப்பு சொன்னதால், இன்று ஒரு ஏக்கரின் தலைவிதி, 1980-களில் ஒரு வருவாய் ஆய்வாளர் வயல் வரப்பில் நின்று எழுதிய ஒற்றைத் தாளில் இருக்கிறது. தேதியும் சாட்சிகளின் கையெழுத்தும் உள்ள மகஜர் கையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பல கோப்புகளில் அந்தத் தாள் இருந்த இடத்தில் ஊசித் துளை மட்டும் இருக்கும்.

வெளியேற்றல் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஓர் ஓடைக்கரைக் குடியிருப்பு தொடர்பான கோப்பு என்னிடம் கருத்துக்காக வந்தது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7-ஆம் பிரிவின் கீழ் விளக்கம் கேட்டு அறிவிப்பு தர வேண்டும். விளக்கத்தைப் பரிசீலித்த பின்பே 6-ஆம் பிரிவின் கீழ் வெளியேற ஆணையிட வேண்டும். அந்தக் கோப்பில் இரண்டும் ஒரே தேதியில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தன. விளக்கம் கேட்ட அன்றே அதை நிராகரித்தும் ஆகிவிட்டது! இதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் தோற்பதோடு வசவும் கிடைக்கும் என்று எழுதி, புதிதாக அறிவிப்பு கொடுத்து, ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடுத்து, மாற்று வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் கொடுத்த பிறகே அடுத்த நடவடிக்கை என்று பரிந்துரைத்தேன். கோப்பு ஏழு மாதம் தாமதமானது. அதிகாரி என்மீது கோபப்பட்டார். அந்த ஏழு மாதத்தில் அங்கிருந்த பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்திருந்தது. பரிந்துரை எழுதியபோது அது என் நினைவிலேயே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 2: கோட்டையில் முப்பது ஆண்டு

நான் தலைமைச் செயலகத்தில் சட்டத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பெரியவர் நீதிமன்றப் பக்கத்தைச் சொல்லிவிட்டதால், நான் கோப்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

துறையிலிருந்து கருத்துக் கேட்டு வரும் கோப்புகளில் கேள்வியே பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். 'மேற்படி நபர்களை வெளியேற்றலாமா என்று தெரிவிக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு ஆம், இல்லை என்று பதில் எழுதும் இளையவர்களை நான் திருத்தியிருக்கிறேன். அவர்கள் இருப்பது ஆட்சேபகரமான புறம்போக்கா (நீர்நிலை, சாலை போலக் குடியிருக்க அனுமதிக்க முடியாத அரசு நிலமா), நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலமா), வாரியத்துக்கு மாற்றப்பட்ட நிலமா, 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியா என்பது தெரியாமல் எந்தச் சட்டம் பொருந்தும் என்றே சொல்ல முடியாது. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளும் 1985-இல் மேலும் 17 பகுதிகளும் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பட்டியலைப் புரட்டாமல் கருத்து எழுதவே கூடாது. அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குத் தொடுப்பதற்கும், ஏற்கெனவே பெற்ற தீர்ப்பை நிறைவேற்றுவதற்கும் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் நில உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் வென்று வந்து, காவல் பாதுகாப்பு தரவில்லை என்று அரசின் மீது வழக்குப் போடும்போது, இந்தப் பிரிவு யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

நீங்கள் வாடகை வழக்குகள் நடத்தியவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு, முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற உச்சவரம்பு இவையெல்லாம் உங்களுக்குப் பழக்கமானவையே. ஆனால் அரசுக்கும் வாரியங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; விலக்கு 3-ஆம் பிரிவில் இருக்கிறது. வாரியத்தின் வாடகைக் குடியிருப்பில் இருப்பவரைக் காலி செய்ய, பொதுக் கட்டடங்களிலிருந்து அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்றுவதற்கான 1975-ஆம் ஆண்டின் சட்டம் போன்ற வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும். பழக்கத்தின் காரணமாக வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஓராண்டு கழித்துத் திரும்பப் பெற்ற கோப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தையும் தள்ளிவைக்காதீர்கள். அதில் 'மேம்பாட்டாளர்' என்ற சொல்லின் வரையறைக்குள் வளர்ச்சிக் குழுமங்களும் பிற பொது அமைப்புகளும் அடங்கும். வீட்டை உரிய காலத்தில் ஒப்படைக்காவிட்டால், ஒதுக்கீடு பெற்றவருக்குப் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பொறுப்பு தனியார் கட்டுநருக்கு மட்டும் உரியது அன்று. 'நாங்கள் அரசு, எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?' என்று கேட்ட பொறியாளர் ஒருவருக்கு அந்த வரையறையை மூன்று முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவது பற்றிய கோப்புகளுக்கு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதலைப் போதுமானதாக்கிய 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வேண்டும்.

கடைசியாக, மொழி. அரசுக்கு அனுப்பும் கருத்தை ஆங்கிலத்தில் எழுதுவோம், குடியிருப்பவர் கையில் போகும் அறிவிப்போ தமிழில் இருக்கும். ஆணையில் 'நியாயமான காலத்துக்குள்' என்ற பொருளில் இருந்ததை, அறிவிப்பில் 'உடனடியாக' என்று மொழிபெயர்த்து ஒட்டிய கோப்பு என்னிடம் வந்தது. வழக்கு அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. ஆகவே தமிழ் அறிவிப்பின் வரைவையும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்கள், ஆனாலும் விடாமல் கேளுங்கள்.

பதில் 3: எதிர்த்தரப்பு

நான் குடியிருப்போர் பக்கம் முன்னிலையாகிறவன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மும்பை நடைபாதைவாசிகளுக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எங்கள் தரப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். வாழ்வதற்கான உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பு வெளியேற்றலைத் தடுக்கவில்லை. மழைக்காலம் கழியட்டும் என்று அக்டோபர் 31 வரை தள்ளிவைத்தது, அவ்வளவுதான். அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும், மாற்று இடம் தருவதாக அரசு சொன்னதையே உச்ச நீதிமன்றம் பெரிதும் நம்பி முடித்து வைத்தது. அரசின் சார்பில் எழுந்து நிற்பவர் என்ன வாக்குறுதி கொடுக்கிறார், அதைக் கொடுப்பதற்கு முன் அதிகாரியிடம் எழுத்தில் வாங்கினாரா என்பதில்தான் எங்கள் கட்சிக்காரர்களின் வாழ்க்கை இருந்திருக்கிறது, இன்றும் இருக்கிறது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்புகளுக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்று ஆணையிட்டபோதும், சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றை அதிலிருந்து விலக்கிவிட்டது. எங்கள் மக்கள் இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே நீதிமன்ற ஆணை இருந்தது, சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. தேர்வு நேரத்தில் செய்ய வேண்டாம், அருகிலேயே மாற்று வீடு பார்க்கிறோம், அதற்கு இவ்வளவு காலம் கொடுங்கள் என்று நீதிமன்றத்திடம் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர் அரசு வழக்கறிஞர். நாங்கள் கேட்டால் அதை இழுத்தடிப்பு என்பார்கள். அரசே கேட்டால் நீதிபதிகள் காது கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக் கதையைத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதை நான் விரும்புவேன். நீங்கள் என்னைத் தோற்கடிக்கவும் செய்வீர்கள், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

பதில் 4: முன்னாள் வட்டாட்சியர்

வழக்கறிஞர்கள் சட்டத்தையே பேசுகிறார்கள். கோப்பு வந்தவுடன் நில அளவைப் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) நகர நில அளவைப் பதிவேட்டையும் வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது நுழைந்த பிழைகள் இன்றும் பல கிராமங்களில் திருத்தப்படாமல் இருக்கின்றன. 'ஓடை' என்று பதிவாகியுள்ள இடத்தில் நாற்பது ஆண்டுகளாக மின் இணைப்பும் குடிநீர் வரியும் இருக்கும். முடிந்தால் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். எங்களை வேலை வாங்கினீர்கள் என்று திட்டுவோம், ஆனால் சரியான வரைபடம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

செங்கைக்காரன் (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு சிறு கேள்விகள் மீதம் இருக்கின்றன. கண்ணகி நகர் வீடு பாட்டி பெயரில் ஒதுக்கப்பட்டு, இப்போது அம்மா அதில் இருக்கிறார். அந்தத் திட்டப் பகுதி தொடர்பான கோப்பு என்னிடம் வந்தால் என்ன செய்வது? கட்டணம் ஒழுங்காக வருமா என்பதையும் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

மெரினா பழையவர்

கட்டணம் வரும், உங்கள் பொறுமையைச் சோதித்துவிட்டு வரும். ஒவ்வொரு வழக்குக்கும் பட்டியலை அந்தந்த மாதமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். சேர்த்து வைத்துக் கொடுத்தால் பழைய அதிகாரி மாறியிருப்பார், புதியவர் முதலிலிருந்து கேட்பார். முதல் ஓராண்டுக்குச் செங்கல்பட்டுக் கட்டுகளை முழுவதும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அரசுக்கு எதிரான வழக்குகளை இன்றே வேறு கைகளுக்கு மாற்றுங்கள். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு முன்னிலையாகக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி உங்களுக்குத் தெரியும்.

அம்மா வீட்டைப் பொறுத்தவரை, தமக்குப் பண நலன் உள்ள வழக்கில் வழக்கறிஞர் முன்னிலையாகக் கூடாது என்ற விதியே போதும். கோப்பு வந்த அன்றே அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவித்து வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அது இருக்கட்டும், நான் வேறொன்றைக் கேட்க வேண்டும். பாட்டி பெயரில் இருந்த ஒதுக்கீடு அம்மா பெயருக்கு வாரிசு அடிப்படையில் மாற்றப்பட்டுவிட்டதா? தவணை முடிந்து கிரயப்பத்திரம் வாங்கியாயிற்றா?

செங்கைக்காரன் (கேட்டவர்)

நேற்றிரவு அம்மாவிடம் கேட்டேன். தவணை அட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கான முத்திரை இல்லை. கட்டிய ரசீதுகள் ஒரு மழையில் நனைந்து போய்விட்டனவாம். ஒதுக்கீடு இன்னும் பாட்டி பெயரில்தான் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக ஊரார் சொத்துக்களைப் பார்த்தவன் இதைக் கேட்கவே இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, திங்கட்கிழமை வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போகிறேன்.